ஆமையார் வைத்த ஓட்டப் பரீட்சை

ஒரு காட்டில் மின்னி என்ற கீரிக்குப் பெரிய அநியாயம் நடந்தது. நாலு பேர் முன்னால் அவளைச் 'சோம்பேறி' என்று சொல்லி, கல்லூரியை விட்டே விரட்டப் பார்த்தார்கள். சொன்னவர் யார் தெரியுமா? கல்லூரி முதல்வர் ஆமையார்!

அதற்கு முன் மூன்று மாதம் காட்டில் கொள்ளைக் காய்ச்சல். "யாரும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது" என்று சிங்கராஜா கட்டளை போட்டார். சரிதான், உயிர் முக்கியமல்லவா? மைனா வாத்தியார் மட்டும் பறந்துகொண்டே ஒவ்வொரு வளைக்கும் பாடத்தைக் கத்திவிட்டுப் போனார்.

மின்னியின் வளையோ அவள் உடம்பு நீளந்தான். அதில் எங்கே ஓடுவது? பொழுது போகாமல், சுவரில் ஊரும் கறையானைத் தின்றுகொண்டே கிடந்தாள். இருட்டில் பகல் எது, இரவு எது? மைனா கத்தும்போது கண்ணைச் சொக்கும். ஊர் உறங்கும்போது இவள் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள்.

காய்ச்சல் போனது. கல்லூரி திறந்த அன்றே ஆமையார் பரீட்சை வைத்தார்.

"குளத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். முடியாதவர் பெயரை எடுத்துவிடுவேன்!"

மின்னி அரைச் சுற்றிலேயே மூச்சிரைத்து விழுந்தாள்.

"அடியே, கீரியா நீ, பூசணிக்காயா?" என்று பெருச்சாளி சிரித்தது. அதுவும் பாதி வழியில் உட்கார்ந்துதான் சிரித்தது!

"சோம்பேறி!" என்றார் ஆமையார். "நானும்தான் மூன்று மாதம் வீட்டுக்குள் இருந்தேன். தினமும் நடந்தேன், அளவாய்ச் சாப்பிட்டேன், நேரத்துக்குத் தூங்கினேன். உனக்கு மட்டும் என்ன கேடு?"

மின்னிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்கே நடந்தீங்க, ஐயா?"

"இதே குளக்கரையில்தான்."

"வீட்டை விட்டு வெளியே வந்தீங்களா?"

"சேச்சே! என் முதுகு ஓட்டை விட்டு ஓர் அங்குலம் வரவில்லை."

"உங்க வீடு உங்களோட நடந்தது, ஐயா. என் வீடு நடக்குமா? என் வளைக்குள்ளே ஒரே ஒரு சுற்று நடந்து காட்டுங்க. நானே கல்லூரியை விட்டுப் போயிடறேன்."

"இதென்ன பிரமாதம்?" என்று ஆமையார் மின்னியின் வளைக்குப் போய், தலையை நீட்டி உள்ளே நுழைந்தார். பாதி ஓடு போனது. அப்புறம் முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

"ஐயையோ, திரும்ப இடமில்லையே! வேர்க்கிறதே! யாராவது இழுங்களேன்!"

"அதுக்குள்ளேயா, ஐயா? எனக்கு அங்கே மூன்று மாதம்!"

சொல்லிக்கொண்டே மின்னிதான் முதலில் ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தாள். பெருச்சாளியும் கை கொடுத்தது.

வெளியே வந்த ஆமையார் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன் பெயர் அப்படியே இருக்கட்டும், அம்மா. தப்பு என்னுடையது. நாளைக் காலையில் குளக்கரைக்கு வா. ஓட வேண்டாம், என்னோடு நட. இப்போதைக்கு என் வேகம் போதும்."

நீதி: ஒருவர் அடைந்து கிடந்த இடத்தை அறியாமல் அவர் ஓட்டத்தை அளக்காதே.