நடுவிலிருந்து வராத பாட்டு

மாட்டு வைத்தியப் பாட்டு நூற்றையும் மனப்பாடமாகச் சொல்பவர்தான் இனி மாடுகளைத் தொடலாம், மற்றவர்கள் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று ஜமீன் பண்டிதர் மருதப்பர் சட்டம் போட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத வைத்தியச்சி குருவம்மாளை அவர் முன் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஜமீன்தாரின் பசு கன்று ஈன முடியாமல் தொழுவத்தில் கதறிக்கொண்டிருந்தது.

"பாட்டைச் சொல்லு!" என்று அதட்டினார் பண்டிதர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. நீங்க சொல்லுங்க, அதும்படி நான் செய்யறேன்."

எல்லோரும் தொழுவத்துக்கு ஓடினார்கள். பண்டிதர் கடவுள் வாழ்த்தைத் தொடங்கினார். பசு மறுபடியும் கதறியது. ஜமீன்தார் பதற, குருவம்மாள் பசுவின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"கன்னு குறுக்கே கிடந்தா என்ன செய்யணும்னு எத்தனையாவது பாட்டுல வருது சாமி?"

"எழுபத்தெட்டாவதில்."

"அதை மட்டும் சொல்லுங்க."

"நடுவிலிருந்து வராது. முதலிலிருந்து சொன்னால்தான் வரும்" என்று பண்டிதர் மீண்டும் ஆரம்பித்தார்.

"அதுவரைக்கும் பசு தாங்காது" என்ற குருவம்மாள், கையில் எண்ணெயைத் தடவி உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பினாள். பண்டிதர் பதினோராம் பாட்டில் இருந்தபோது கன்று வைக்கோலில் விழுந்து தும்மியது.

"பண்டிதரே, நாளை முதல் உம்மிடம் பாட்டுப் படிக்கும் மாணவர்களுக்கு இங்கே குருவம்மாளிடம்தான் பாடம்" என்றார் ஜமீன்தார்.

"நானும் வரவேண்டுமா?"

"வாங்க சாமி" என்றாள் குருவம்மாள். "நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிட்டு வாங்க."