தாமரைப் படத்துக்குத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், ரொம்ப முன்னால் என்று நினைத்துவிடாதீர்கள், யானைப் பாகன் கைக்கும் கைப்பேசி வந்துவிட்ட காலத்தில், சித்திரசேனன் என்றொரு ராஜா இருந்தான். அவனுக்கு ஒரு கிறுக்கு. பல் துலக்குகிறானோ இல்லையோ, விடிந்ததும் ஒரு தாமரைப் படத்தில் 'காலை வணக்கம்' எழுதி நாட்டு ஜனங்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவான். ராஜாவுக்குப் பதில் போடாமல் இருக்க முடியுமா? ஆளுக்கொரு ரோஜாவை அனுப்பினார்கள். அப்புறம் பூனை தும்மியது, தோசை திருப்பியது எல்லாம் படமாகப் பறந்தது.

பறந்ததெல்லாம் வானத்திலேயா தங்கும்? தலைநகரில் தரவு மாளிகை என்று ஒன்று இருந்தது. அதற்குள் வரிசை வரிசையாக நின்ற இயந்திரங்கள்தான் அத்தனையையும் சுமந்தன. சுமந்து சுமந்து அடுப்பாகக் கொதித்தன. குளிரவைக்கத் தண்ணீர் வேண்டுமே! ஒரு மாளிகை மூன்றாயிற்று, மூன்று ஏழாயிற்று, அரண்மனைக் குளம் வற்றிப்போயிற்று. எட்டாவது மாளிகைக்காக மந்திரி அனந்தபத்மன் கருவேலங்கண்மாயின் மேல் கண் வைத்தான்.

அந்தக் கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிற மூக்கம்மா சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, பயிரு பால் பிடிச்சு நிக்குது. இன்னும் ரெண்டு தண்ணி பாய்ஞ்சாத்தான் நெல்லு. இல்லேன்னா அம்புட்டும் பதருதான். நாப்பது குடும்பத்து வாயில மண்ணப் போட்டுராதீக!"

அவள் அழுதாள். ராஜா கைப்பேசியிலிருந்து தலை நிமிரவில்லை.

ஓரத்தில் நின்ற விகடக்காரன் பிச்சாண்டிக்குப் பொறுக்கவில்லை. அடப் பாவிகளா, பூப்படம் வாடக்கூடாது என்று நெற்பயிரைக் காயப்போடுவீர்களா?

"பிரபு, படத்துத் தாமரைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நாளை படத்துச் சோற்றைத்தான் உண்ணப் போகிறோமா?" என்று கேட்டேவிட்டான்.

மந்திரிக்கு அவன் மேல் வெகுநாள் புகைச்சல். "அரசே, மூன்று நாளில் பழைய மாளிகைகளிலேயே பிச்சாண்டி இடம் உண்டாக்கட்டும். ஆனால் தங்கள் படங்களில் ஒன்றைக்கூட, அதன் பிரதியைக்கூட, குடிகளில் எவர் அழித்தாலும் ராஜத் துரோகம். இயலாவிட்டால் எட்டாவது மாளிகைக்குக் கண்மாய் மடையை அவன் கையாலேயே திறந்துவிட வேண்டும்" என்றான்.

"நல்ல வேடிக்கை! ஆணையிட்டோம்" என்றான் ராஜா.

"மூன்று நாள் எதற்கு பிரபு? நாளைக் காலையிலேயே மடையைத் திறந்துவிடுகிறேன்" என்றான் பிச்சாண்டி.

வாசலில் மூக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்களுமாண்ணே?"

"அழாத தாயி. மடை திறக்கிறதுக்கு முன்னால கண்மாய்ல ஒரு வழக்கம் உண்டே, அதச் சொல்லு."

"தண்ணி எடுக்கிற ஆளு மொதல்ல கரைக்கு மண்ணு சுமக்கணும். தண்ணி கூடுனா கூடையும் கூடும். பட்டம் கட்டுன அன்னைக்கு ராசாவே கூடை தூக்கி, 'நானும் கட்டுப்பட்டவன்'னு சத்தியம் பண்ணுனாகளே!"

"அது போதும்" என்றான்.

பொழுது சாய்வதற்குள் எல்லார் கைப்பேசியிலும் பிச்சாண்டியின் செய்தி வந்தது. 'தரவு மாளிகையில் படம் வைத்திருப்போர் எல்லாரும் நாளை கண்மாய்த் தண்ணீர் எடுப்போர். வழக்கப்படி படத்துக்கு ஒரு கூடை மண். அரசர் முதலாக அனைவரும் வருக.'

அவ்வளவுதான்! பூனையையும் தோசையையும் ஜனங்கள் விழுந்தடித்து அழித்தார்கள்.

காலையில் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ராஜாவும் வந்தான். "எமக்கு எத்தனை கூடை?"

"தாமரை மட்டும் நாலாயிரம் பிரபு."

ஒன்பதாவது கூடையில் ராஜாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அழிக்கவே கூடாதா, பிச்சாண்டி?"

"குடிகள்தான் அழிக்கக் கூடாது. தங்கள் படத்தைத் தாங்கள் அழிக்கத் தடை ஏது?"

ராஜா கட்டைவிரல் வலிக்க வலிக்க அழித்தான். அவன் அழிக்க அழிக்க, ஜனங்களுக்கு அனுப்பியவையும் கூடவே மறைந்தன. உச்சிப்பொழுதுக்குள் ஏழு மாளிகைகளில் நாலு காலியாகிவிட்டன. எட்டாவது எதற்கு?

மந்திரி மெல்ல நழுவினான். பிச்சாண்டி விடுவானா?

"மந்திரியாரே, விசுவாசத்தைக் காட்ட அரசர் படம் ஒவ்வொன்றையும் தனியாகப் பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறீரே. நாற்பதாயிரம் கூடை, தூக்கும்!"

மந்திரி அவசரமாகக் கைப்பேசியை எடுத்தான்.

"ஐயையோ, அழித்தால் ராஜத் துரோகம்! தாங்கள் கேட்டு வாங்கிய ஆணையாயிற்றே."

ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டி கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றான்.

பிச்சாண்டி சிரிக்கவில்லை. "நேற்று இந்த அம்மாள் சபையில் அழுதபோது தாங்கள் தலை நிமிரவில்லை பிரபு. இனி யார் அழுதாலும் நிமிர்ந்து பாருங்கள். அது போதும்."

ராஜாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு மூக்கம்மாவை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். "மடையைத் திற, அம்மா. வயலுக்கு."

தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. அறுப்பு முடிந்து புதுநெல் சோறு அரண்மனைக்கு வந்த அன்றைக்கும், மந்திரி கூடை சுமந்துகொண்டுதான் இருந்தான்.