கொட்டாங்கச்சி மரியாதை

வெகுகாலத்துக்கு முன்னே, நீலாற்றங்கரையில் கொன்றைநாடு என்றொரு நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் அந்தக் கணமே நம்பிவிடுகிற நல்லவன். அப்படிப்பட்ட ராஜாவுக்கு மந்திரியாக இருப்பது லேசான வேலையா? மந்திரி சீரங்கரின் தலை சும்மா நரைக்கவில்லை.

ஆடி பிறந்த சமயம், ராஜா பல்லக்கில் ஓடத்துறைப் பக்கம் போனான். துறையைக் குத்தகை எடுத்திருந்த குபேரலிங்கம், பயணிகள் காத்திருக்கக் கல்மண்டபம் கட்டி, வாசலில் நீர்மோர்ப் பந்தலும் போட்டிருந்தான். தூணுக்குத் தூண் அவன் பெயர்தான். ஓடம் ஏற நின்றவர்கள் ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கொட்டாங்கச்சி தொங்கியது.

"இதென்ன வேடிக்கை?" என்றான் ராஜா.

குபேரலிங்கம் ஒரு கணம்தான் விழித்தான். "அடியேன் ஊற்றும் மோரைக் குடிக்கத்தான் மகாராஜா! ஜனங்களுக்கு என்மேல் அவ்வளவு பிரியம்."

ராஜா உருகிப்போனான். மறுநாளே சபையில் அறிவித்துவிட்டான்: "ஆடிப்பெருக்கன்று குபேரலிங்கத்துக்கு ஜனரட்சகன் பட்டம்! நாட்டிலுள்ள எல்லா ஓடத்துறைகளும் இனி அவன் குத்தகையில்!"

சீரங்கர் எழுந்தார். "பிரபு, மோர் குடிக்கிறவன் பந்தலில் நிற்பான். இவர்களோ கொட்டாங்கச்சியோடு ஓடத்தில் ஏறுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை."

"மந்திரியாருக்குப் பிறர் புகழ் பொறுக்காது," என்று குறுக்கே விழுந்தார் ஆஸ்தான வித்துவான் பூவராகர். குபேரலிங்கத்தைப் பாடிப் பட்டுச் சால்வை வாங்கியவர் அவர். போதாக்குறைக்கு, சீரங்கரின் ஆசனத்தின்மேல் வெகுநாளாக ஒரு கண். "இவர் தம் வாழ்நாளில் யாருக்காவது ஒரு வாய் மோர் ஊற்றியிருப்பாரா, கேளுங்கள்!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சீரங்கர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, யாரோ ஒரு ஆள்போல அவர் ஓடம் ஏறினார். ஓடம் கரையை விட்டதும் பலகை இடுக்கெல்லாம் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. பக்கத்திலிருந்த தயிர்க்காரி செல்லக்கண்ணு, கூடையில் உபரியாக வைத்திருந்த கொட்டாங்கச்சியை அவர் மடியில் போட்டாள்.

"என்னய்யா, புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீரு? அள்ளி வெளியே ஊத்தும்! அக்கரை போய்ச் சேர வேணாமா?"

மந்திரி அள்ளினார். அள்ள அள்ள முதுகு விட்டுப்போயிற்று. எதிரே துடுப்புப் போட்ட சன்னாசிக்கோ அசதியில் கண் செருகியது.

"பலகையை அடைக்கச் சொல்லக்கூடாதா, அப்பா?" என்று கேட்டார்.

"சொன்னவனை அன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க சாமி. விடிஞ்சதுலேருந்து இருட்டுற வரைக்கும் துடுப்புதான். கஞ்சி குடிக்கக்கூட விடுறதில்ல. அந்த மோரும் ஊராருக்குத்தான், எங்களுக்கு இல்ல." துடுப்பை இழுத்தபடியே மேலும் சொன்னான்: "இனிமே எல்லாத் துறையும் அவருக்காம். ஆத்துல புதுவெள்ளம் வேற வருது. எத்தனை குடும்பம் முழுகப்போகுதோ!"

சீரங்கருக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் ராஜாவிடம் ஓடவில்லை. ஓடினால் குபேரலிங்கம் ஒரே ஒரு ஓடத்தைச் சீராக்கிக் காட்டுவான். பூவராகர் அதற்கும் பாட்டுக் கட்டுவார். ஆகவே சன்னாசியிடம் மட்டும் காதோடு காதாக ஏதோ சொல்லிவிட்டு வீடு திரும்பினார்.

ஆடிப்பெருக்கும் வந்தது. துறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ராஜாவுக்கென்று குபேரலிங்கம் பட்டு விரித்த அன்னப்படகு நிறுத்தியிருந்தான்.

"பிரபு," என்றார் சீரங்கர், "ஜனரட்சகரோடு தாங்களும் ஜனங்களோடு ஜனங்களாக வாடகை ஓடத்தில் அக்கரை போய், அங்கே பட்டம் சூட்டினால் எவ்வளவு அழகாக இருக்கும்!"

"அபாரம்!" என்று கை தட்டினான் ராஜா.

குபேரலிங்கத்தின் முகம் வெளுத்தது. "ராகுகாலம் மகாராஜா... காற்று வேறு..."

"உன் ஓடத்தில் ஏற உனக்கே ராகுகாலமா? ஏறு!"

"முதலில் அவர் ஏறட்டும், பிரபு. பிறகு தாங்கள்," என்றார் சீரங்கர்.

குபேரலிங்கம் ஏறினான். சொல்லிவைத்தபடி, சன்னாசி கயிற்றை அவிழ்க்காமலே ஓடத்தைக் கொஞ்சம் தள்ளினான். ஜரிகை வேட்டியின் கரை நனைந்தது. கீழே பார்த்த குபேரலிங்கம், ஓடத்தில் முன்பே ஏறியிருந்த செல்லக்கண்ணுவின் இடுப்பிலிருந்து கொட்டாங்கச்சியைப் பிடுங்கி, வெறி பிடித்தவன்போல் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினான்.

ராஜா மெல்லக் கேட்டான்: "குபேரலிங்கம், ஆற்றுக்குள் யாரப்பா உனக்கு மோர் ஊற்றுகிறார்கள்?"

அள்ளிய கை அப்படியே நின்றது. கயிற்றைப் பிடித்து ஓடத்தைக் கரைக்கு இழுத்தார்கள்.

"பிரபு, கரையில் நிற்பவருக்கு மண்டபம் கட்டினார்," என்றார் சீரங்கர். "காசு கொடுத்து ஏறியவருக்கு ஒழுகாத ஓடமும், துடுப்புப் போடுகிறவனுக்கு வயிறாரக் கஞ்சியும் கொஞ்சம் ஓய்வும் கொடுத்திருந்தால், தூணில் பேர் வெட்டியிருக்கவே வேண்டாம். ஜனங்களே சொல்லியிருப்பார்கள்."

"அடியேனும் அப்போதே நினைத்தேன்..." என்று இழுத்தார் பூவராகர்.

"நினைத்தீரா? நல்லது," என்றான் ராஜா. "இனி தினமும் காலையும் மாலையும் குபேரலிங்கம் இந்த ஓடத்தில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். நீரும் துணைக்குப் போம்! இரண்டு பேர் கையிலும் கொட்டாங்கச்சி இருக்கக்கூடாது." பட்டமும் போயிற்று, மற்றத் துறைகளும் போயின. சன்னாசி துறைக்குக் கண்காணி ஆனான்.

பிறகு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சீரங்கர் கழுத்தில் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேளும்!"

"அடுத்த முறை யாரையாவது புகழ்வதற்கு முன்னால், அவர் ஓடத்தில் ஒருதரம் ஏறிப் பாருங்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா ஓடங்களையும் கரையேற்றி, இடுக்கெல்லாம் கயிறு திணித்துக் குங்கிலியப் பிசின் பூச ஆரம்பித்துவிட்டார்கள். முன்னால் நின்று அவசரப்படுத்தியவர் பூவராகர்தானாம். துடுப்புக்காரர்கள் முறைவைத்து ஓய்வெடுக்கவும் ஏற்பாடாயிற்று.

பிறகொரு மத்தியானம் சீரங்கர் துறைக்குப் போனார். மண்டபத்து நிழலில் துடுப்புக்காரர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கண்ணு அவரைப் பார்த்ததும், "வாரும் மாப்பிள்ளை!" என்று சிரித்தபடி ஒரு கொட்டாங்கச்சியை நீட்டினாள். அதில் தளும்பத் தளும்ப மோர் இருந்தது.