கிளி பறந்ததைப் பார்த்தவள்

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரர்கள் கடற்கரையோரம் கிடங்கு கட்டி வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தபோது, செம்பூரணிச் சீமையை உத்தண்டராயர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு ஒன்று பிடித்துப்போனால் ஊரே அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும். ஒரு வருஷம் வீணை பிடித்தது. யானைப்பாகன்கூட வீணை கற்றுக்கொண்டான். அடுத்த வருஷம் இங்கிலீஷ் பிடித்தது.

அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் சேஷகிரி துபாஷி. துரைமார்களுக்கு மொழிபெயர்த்துப் பிழைத்தவர். வந்த நாளிலிருந்து மந்திரி அழகியநம்பியின் ஆசனத்தின்மேல் அவருக்கு ஒரு கண்.

தமிழில் எல்லாவற்றுக்கும் 'பார்' என்ற ஒரே சொல்தான் என்று அவர் ராஜாவிடம் வருத்தப்பட்டார். இங்கிலீஷில் அப்படி இல்லையாம். தானாகக் கண்ணில் பட்டால் 'சீ'. வேண்டுமென்று கண்ணைத் திருப்பினால் 'லுக்'. நடப்பதைக் கண் எடுக்காமல் கவனித்துக்கொண்டிருந்தால் 'வாட்ச்'. ராஜா சொக்கிப்போனார். இனி அரண்மனையில் 'பார்' என்று சொல்கிறவன் மூன்றில் எது என்று சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். மகாராஜாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னவர்களெல்லாம் வாசலிலேயே நின்றார்கள். நாடி பார்ப்பதற்கு எந்த வார்த்தை என்று துபாஷிக்கே தெரியாததால், ராஜாவுக்கு வந்த ஜுரம் வைத்தியர் இல்லாமல் தானாகவே இறங்கவேண்டியதாயிற்று.

இந்த நேரத்தில்தான் ராஜாவின் செல்லக்கிளி பறந்துபோனது. கிளியை வளர்த்தவள் பூவாத்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைக்காரி. மந்திரிதான் அவளை வேலைக்கு வைத்திருந்தார். கூண்டைக் கழுவும்போது கிளி பறந்துவிட்டது, பறந்ததைப் பார்த்தேன் என்று அவளே வந்து சொன்னாள்.

எந்தப் பார்த்தேன் என்று துபாஷி பிடித்துக்கொண்டார். கிளி புளியமரத்தைத் தாண்டும்வரை அவள் கண் எடுக்காமல் நின்றதற்குத் தோட்டக்காரன் சாட்சி சொன்னான். அப்படியானால் அது 'வாட்ச்', தெரிந்தே பறக்கவிட்டிருக்கிறாள், நாடுகடத்தவேண்டும், அவளை வேலைக்கு வைத்தவரும் ஆசனத்தை விடவேண்டும் என்றார் துபாஷி. மறுநாள் விசாரணை என்று ராஜா சொல்லிவிட்டார்.

மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை. இங்கிலீஷில் வாதாடினால் தோற்பது நிச்சயம். ஆனால் ராஜாவை அவருக்கு நன்றாகத் தெரியும். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் ராஜா இடப்பக்கம் சாய்ந்து தூங்கிவிடுவார். விசாரணையை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார் மந்திரி. சிம்மாசனத்துக்கு இடப்பக்கம் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றும் போடவைத்தார்.

விசாரணை தொடங்கியது. கிளிகளின் குணம், கோத்திரம் என்று மந்திரி இழுத்து இழுத்துப் பேசினார். ராஜாவின் தலை ஆடியது. தோள் சாய்ந்தது. கடைசியில் ஆளே சரிந்து, கிரீடம் ஒருபுறமும் தான் ஒருபுறமுமாக விழுந்தார். ராஜா விழித்துக்கொண்டு உறுமுவதற்குள் மந்திரி துபாஷியின் பக்கம் திரும்பினார்.

"துபாஷியாரே, எதிரேதான் நின்றீர். மகாராஜா விழுந்ததைப் பார்த்தீரா?"

"பார்த்தேன்."

"எந்த வார்த்தை?"

துபாஷி மூன்றையும் எண்ணிப் பார்த்தார். 'வாட்ச்' என்றால் ராஜா சாயச் சாயக் கவனித்துக்கொண்டு பிடிக்காமல் நின்றார் என்று ஆகும். 'லுக்' என்றால் வேண்டுமென்றே திரும்பி ரசித்தார் என்று ஆகும். மிச்சமிருந்ததைச் சொன்னார்.

"சீ."

"மகாராஜா விழுந்து கிடக்கிறார், நீர் சீ என்கிறீர்" என்றார் மந்திரி.

ராஜாவின் மீசை துடித்தது. துபாஷி பதறிப்போய் இங்கிலீஷை விட்டுவிட்டார். "எந்த வார்த்தையும் இல்லை மகாராஜா. திடீரென்று நடந்துபோச்சு. கை கால் ஓடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன்."

"பூவாத்தாளுக்கும் அதேதான் நடந்தது" என்றார் மந்திரி.

ராஜா விழுந்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்தார். பிறகு மந்திரியை முறைத்தார். "நான் விழும்போது நீர் என்ன செய்தீர்?"

"பார்த்துக்கொண்டேன் மகாராஜா."

"பாருங்கள், அதுதான் வாட்ச்" என்று துபாஷி முந்திக்கொண்டார்.

"பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நான் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டேன் என்றேன்."

ராஜா தனக்கு அடியில் கையை வைத்து அழுத்தினார். மெத்தை அமுங்கியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்கியதும் பூவாத்தாளை வேலைக்குத் திரும்பச் சொன்னார். தன் கழுத்து மணிமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். துபாஷியிடம், "போய்க் கிளியைத் தேடிப் பாரும்" என்றார்.

அன்று சாயங்காலம் சேஷகிரி துபாஷி கையில் கொய்யாப்பழத்தோடு புளியமரத்தடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அது எந்தப் பார்த்தல் என்று ஒருவரும் கேட்கவில்லை.