விபூதித் தட்டில் வரைந்த வடிகட்டி

மருதாசலம் அன்று மடத்துக்குள் செருப்போடு நுழைந்துவிட்டார். பாதி வழியில் நினைவு வந்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். ஐம்பத்திரண்டு வயது. பம்பு, வால்வு என்று கோவையில் முப்பது வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவர். அவருடைய குரு நித்திலா அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

“நாளைக்குச் சென்னையில விசாரணைங்க அம்மா. அடைப்பைத் தானே தள்ளிவிடற சொட்டுநீர் வடிகட்டி, நான் கண்டுபிடிச்சது. ஜெபராஜ் அவன் பேருல காப்புரிமைக்கு எழுதிப் போட்டுட்டான். கூடவே இருந்து குழி பறிச்சுட்டான் அம்மா.”

ஜெபராஜ் அவருடைய கூட்டாளி. பத்து வருடம் இருவரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள்.

மருதாசலம் ஒரு நோட்டை நீட்டினார். பக்கம் முழுக்க வரைபடம். மேலே இரண்டு வருடத்துக்கு முந்தைய தைப்பூசத் தேதி. மை மட்டும் புத்தம் புதிது.

“தேதி பொய்யில்லைங்க. அன்னிக்கு இங்க உட்கார்ந்துதான் உங்களுக்கு வரைஞ்சு காட்டினேன். பார்த்தேன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க.”

“அன்னிக்கு நோட்டுல வரையலையே.”

“விபூதித் தட்டுல வரைஞ்சேன். அதைத்தான் ஊரே நெத்தியில பூசிட்டுப் போயிருச்சுங்களே!”

அம்மை சிரிக்கவில்லை. விபூதித் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“வரைங்க.”

மருதாசலம் விரலால் வரைந்தார். குழாய், சல்லடை, கழிவு வெளியேறும் வாய், நடுவில் அடைப்பைத் தள்ளும் ஒரு சுருள்வில்.

அம்மை சுருளைக் காட்டினார். “அன்னிக்கு இது இல்லை.”

மருதாசலம் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“சண்டையே இந்தச் சுருளுக்குத்தானே?”

“ஆமாங்க.”

“இது எப்ப வந்துச்சு?”

“ஆடி மாசமுங்க. பால்பாயிண்ட் பேனாவைப் பிரிச்சு, அதுல இருந்த ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தோம்.”

“யார் போட்டது?”

மருதாசலம் விரலில் ஒட்டிய விபூதியைத் துடைத்துக்கொண்டார்.

“ஜெபராஜ்.” சொன்னதும் அவர் குரல் எகிறியது. “ஆனா வடிகட்டியே என்னோடதுங்க! சுருளை விட்டுட்டா நாளைக்கு என் பேச்சு எடுபடாது. என் பேரே இல்லாமப் போயிருமுங்க அம்மா!”

சொல்லும்போதே அழுதுவிட்டார். அம்மைக்கும் அது வலித்தது. குனிந்து, தட்டில் சுருளை மட்டும் ஒரு விரலால் அழித்தார். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

“இவ்வளவுக்கு நான் சாட்சி. நாளைக்கு வந்து சொல்றேன். சுருளுக்கு நீங்கதான் சாட்சி.”