கையில் வந்து விழுந்த விரால்

ஓர் அணையில் ஒரு தாய் நீர்நாயும் அதன் குட்டியும் வாழ்ந்தன. கொஞ்ச நாளாகக் குட்டிக்குக் கை நடுங்கியது. நீந்தினால் நேராகப் போகாமல் வட்டமடித்தது.

"சத்து பத்தலை," என்றது தாய். அணையிலேயே கொழுத்த விராலாகப் பார்த்து ஊட்டியது. நடுக்கம் கூடியது. அதைவிடப் பெரிய விராலை ஊட்டியது.

கரைப் பொந்திலிருந்த நண்டு தலையில் அடித்துக்கொண்டது.

"அக்கா, விராலை நிறுத்து! கரையோரப் பட்டறையில பழைய டியூப்லைட்டை உடைச்சுக் கழுவி, அந்தத் தண்ணியை அணையில விடுறாங்க. டியூப்லைட்டுல இருக்கிற பாதரசம் சேத்துல படியுது. சேத்தைப் புழு தின்னுது, புழுவைக் கெண்டை தின்னுது, கெண்டையை விரால் தின்னுது. மொத்த விஷமும் விரால்கிட்டதான் சேருது."

"அம்மா, அப்போ நண்டு தின்னலாமா?" என்றது குட்டி.

"நானும் அதே சேத்துலதான்டா கிடக்கேன்!"

தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. அணையின் தண்ணீர் அதிகாரியான கொக்கைக் கூப்பிட்டது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று எட்டிப் பார்த்தது.

"ம்ம். என் முகம் தெரிகிறது. மூக்கில் ஒட்டிய செதில்கூடத் தெரிகிறது. தண்ணீர் நலம்."

"ஐயா, சேத்தைப் பாருங்க," என்றது நண்டு.

"சேறு என் துறை இல்லை."

"யாரோட துறைங்க?"

"அதைச் சொல்வதும் என் துறை இல்லை."

நண்டு கொடுக்கால் தன் வாயையே பொத்திக்கொண்டது.

"கேட்டியா தம்பி? நீ சும்மா பயமுறுத்துறே," என்றது தாய். "இப்பல்லாம் பெரிய விரால் தானா கையில வந்து விழுது. அதிர்ஷ்டம்."

மறுநாள் அணையிலேயே பெரிய விராலைத் தேடிப் போனது. விரால் ஓடவில்லை. நேராகப் போகத் தெரியாமல் வட்டமடித்தது. வட்டமடித்தே வந்து தாயின் மார்பில் முட்டியது.

தாய் கரையைத் திரும்பிப் பார்த்தது. அங்கே குட்டியும் அதே வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

விராலைக் கரையில் வீசிவிட்டு, குட்டியைக் கவ்விக்கொண்டு மேலே மலை ஓடைக்கு ஏறியது. அங்கே குட்டி தேறியது. ஆனால் நடுக்கம் முழுசாக விடவில்லை.

"எத்தனை வாட்டி சொன்னேன்," என்று கீழே கரைப் பொந்தில் நண்டு முனகியது.

வீசிய விராலைக் கொக்கு எடுத்து விழுங்கியது. பிறகு பெரிய விராலே அதற்கும் பழகிப்போனது. கொஞ்ச நாளில், ஒற்றைக் காலில் நின்றபடியே தொப்பென்று விழுந்தது.

"கால் வழுக்கிவிட்டது," என்றது. "தண்ணீர் நலம்."

அடியில் கிடப்பதைப் பார்க்காமல் மேலே தெளிவு என்பவரை நம்பினால், நஞ்சையே சத்தென்று பிள்ளைக்கு ஊட்டிவிடுவோம்.