பின்பக்கம் கட்டிய சாக்கு

"இந்த வண்டியைக் கொளுத்திடலாம்னு இருக்கேம்மா" என்றார் குஞ்சிதபாதம்.

தில்லைக்கரசி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். "எங்க நிக்குது?"

"அமிர்தவல்லி வயல்ல. பாதி அறுத்தாச்சு. பாதி சாஞ்சு கெடக்கு. வாய்ல வைக்கோல் அடைச்சுக்குது. பிடுங்கி எடுத்தா கொஞ்ச தூரம் ஓடுது, மறுபடி அடைச்சுக்குது."

தில்லைக்கரசி அறுவடை வண்டி மெக்கானிக். அவரைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலென்ன, பழைய வண்டியை வாங்கிய நாளிலிருந்து அவருக்கு அவள்தான் குரு. நேரில் கும்பிடுவார், அந்தப்பக்கம் போய்த் திட்டுவார். சீடர்கள் என்றால் அப்படித்தான்.

மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது.

"போன வருசம் அந்தப் பொண்ணோட நெல்லு மழையில நின்ன நிலையிலேயே முளைச்சுப்போச்சு. இந்த வருசமும் போச்சுன்னா அது எந்திரிக்கவே முடியாது. இன்னைக்கே அறுத்துத் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேம்மா."

"என்னென்ன பார்த்தீங்க?"

"செயினை இறுக்கினேன். பெல்ட்டை மாத்தினேன். கத்தியைத் தீட்டினேன். மாட்டு வண்டி மாதிரி மெதுவா ஓட்டியும் பார்த்துட்டேன். இன்னும் என்னத்தைப் பண்ண?"

"எல்லாம் முன்பக்கம்."

"அடைக்கிறது முன்னாடிதானே!"

அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

வரப்பிலேயே காத்துக்கொண்டிருந்தாள் அமிர்தவல்லி. "எப்படியாவது ஓட வச்சுடுங்கக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

தில்லைக்கரசி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். வைக்கோல் வெளியே விழவேண்டிய பின்பக்கத்தில் ஒரு சாக்கு. கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது யாரு கட்டினது?"

"நான்தான்" என்றார் குஞ்சிதபாதம். "போன வயல்ல, வைக்கோலைக் கசக்கிப் பார்த்துட்டு, பாதி நெல்லைப் பின்னாடி கொட்டிட்டான்னு ஊர் கூட்டிச் சொல்லிட்டாங்க. மானம் போச்சு. இனிமே ஒத்த நெல்லு வெளியே போவக்கூடாதுன்னு கட்டிட்டேன். சல்லடையையும் மூடிட்டேன். பதரை ஊதித் தள்ளுற காத்தையும் குறைச்சுட்டேன்."

"சரி. மூச்சை உள்ள இழுங்க."

"என்னது?"

"இழுங்கண்ணே."

இழுத்தார்.

"இன்னும்."

நெஞ்சு புடைத்தது.

"விடாதீங்க. இன்னும் இழுங்க."

கண் பிதுங்கியது. அமிர்தவல்லி பயந்துபோனாள். "ஐயோ, அவருக்கு ஏதாவது ஆயிடப்போவுதுக்கா!"

குஞ்சிதபாதம் மூச்சை விட்டார். கூடவே கோபமும் வந்தது. "மழை தலைக்கு மேல நிக்குது, வெளையாடிக்கிட்டு இருக்கியா? விடாம எப்படி இழுக்கறது?"

தில்லைக்கரசி அந்தச் சாக்கைப் பார்த்தாள்.

அவரும் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

கயிறு அறுந்தது. ஈர வைக்கோல் பொதியாக வந்து விழுந்தது. இன்னும் உள்ளே இருந்தது. தில்லைக்கரசி வண்டிச் சாவியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம்தான் மூன்று பேரும் முழங்கை வரை கைவிட்டு இழுத்தார்கள். வைக்கோல் சுணை கைகளை அறுத்தது. யாரும் நிறுத்தவில்லை.

குஞ்சிதபாதம் சல்லடையைத் திறந்தார். காற்றைக் கூட்டினார். சாவிக்குக் கை நீட்டினார்.

வண்டி இருமியது. முக்கியது. அப்புறம் சாய்ந்து கிடந்த கதிரை வாரி வாரி உள்ளே இழுத்தது. ஒரு சுற்று போனது, இன்னொரு சுற்றும் போனது. அடைக்கவில்லை.

அமிர்தவல்லிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டிக்குப் பின்னால் நடந்தாள். நடக்கிறவள் சும்மா நடப்பாளா? கீழே விழுந்த வைக்கோலில் ஒரு பிடி அள்ளிக் கசக்கினாள். உள்ளங்கையில் இரண்டு நெல்மணிகள்.

"அண்ணே! நிறுத்துங்க! நெல்லு பின்னாடி போவுது!"

அறுக்க இன்னும் ஒரு துண்டு பாக்கி இருந்தது. முதல் தூறல் குஞ்சிதபாதத்தின் கைமேல் விழுந்தது.

அவர் வண்டியை நிறுத்தவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டிக் கத்தினார்:

"அமிர்தம்! மூச்சை நல்லா உள்ள இழு!"